எஞ்சியவர்

காலையில் ஆறே காலுக்கு எழுந்திருக்கிறேன். பல் தேய்த்து, சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, காபியை நின்றபடியே குடிக்கிறேன். பிறகு கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறேன். இருபத்திரண்டு சுற்று. இருபத்து மூன்றாவதில் விரலுக்கு ஒரு தடை தட்டுப்படும். அங்கே நிறுத்திவிட வேண்டும். நல்ல கடிகாரம். நாளைக்கு நான்கு விநாடிக்கு மேல் பிசகியதில்லை.

இன்று சாவி கொடுத்த பிறகு பஸ்ஸுக்குப் போகவில்லை. அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் ஐந்து பேரும் என்னை மறந்திருக்கமாட்டீர்கள். எட்டு மாதங்களுக்கு முன் உங்கள் விசாரணைக் குழுவின் முன்னால், மனைவியை இழந்த கணவனாக வந்து உட்கார்ந்தேன். எங்கள் நிதி ஆலோசகர்மேல் புகார் சொன்னேன். அவருடைய உரிமத்தை ரத்து செய்தீர்கள். இப்போது அவர் மேல்முறையீடு செய்திருப்பதாகவும், அன்று நான் சொன்னதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்றும் கடிதம் வந்திருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மிகாமல் என்று கேட்டிருக்கிறீர்கள். மிகும்.

உங்கள் குழு பொதுமக்களுக்காக அச்சடித்த கையேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. ‘உங்கள் பணத்தைப் பார்த்துக்கொள்ளச் சரியான வல்லுநரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?’ அட்டையில் ஒரு குடும்பம் எதற்கென்று தெரியாமல் சிரிக்கிறது. உள்ளே நான்கு வகை வல்லுநர்கள். நான்கையும் நாங்கள் பார்த்தோம். வங்கி அதிகாரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார், குரல் மாறாது. ஆடிட்டர் நடந்து முடிந்ததை மட்டும் பார்ப்பார். பிரேதப் பரிசோதனை செய்பவரிடம் காய்ச்சலுக்கு மருந்து கேட்பது போல. முகவர் நம்மிடம் ஒரு காசு வாங்கமாட்டார், விற்கிற கம்பெனி அவருக்குக் கொடுக்கும். நான்காவது வகை, கட்டணம் வாங்கும் ஆலோசகர். எதையும் விற்கமாட்டார். கமிஷன் தொடமாட்டார். வாயைத் திறக்கக் காசு; திறந்தால் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்றுதான் வரும்.

என் மனைவி நான்காவது வகையைத் தேர்ந்தெடுத்தாள்.

ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஒற்றை அறை. மூன்று நாற்காலி, ஒரு மேசை, மூலையில் ஒரு பிரிண்டர். அங்கே இருந்த ஆலோசகர் அம்மாள் முன்பு பள்ளியில் கணக்கு நடத்தியவராம். முதல் நாளே மூன்று மாதச் செலவை நோட்டில் எழுதிவரச் சொன்னார். எழுதிக்கொண்டு போனால் சிவப்பு மையால் டிக் போட்டார். அன்றிலிருந்து என் மனைவிக்கு அவர் ‘டீச்சர்’.

“பணம் எதுக்குச் சேர்க்கிறீங்க?” என்று என்னைக் கேட்டார்.

“எல்லாரும் எதுக்குச் சேர்ப்பாங்களோ அதுக்குத்தான்.”

“எல்லாரும் என்கிட்ட வரலையே தம்பி. நீங்கதானே வந்திருக்கீங்க.”

என் மனைவி சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் குறித்துவைத்துக்கொண்டேன். என் தொழில் அப்படி. கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் போய் எடைக்கருவிகளைச் சரிபார்க்கிறேன். எந்தத் தராசும் பொய் சொல்வதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து பழகியிருக்கும், அவ்வளவுதான். எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் என் வேலை.

டீச்சர் செய்த முதல் காரியம், எங்கள் இருவரின் பதினான்கு மாதச் சம்பளம் அளவுக்கு ஒரு தொகையை ஒதுக்கித் தனிக் கணக்கில் போடவைத்தது. அதற்குத் ‘தொடாத பணம்’ என்று என் மனைவி பெயர் வைத்தாள். உடம்புக்கு வந்தால், வேலை போனால் மட்டும் எடுக்கலாம். கணக்கு திறக்கும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ‘இருவரும் சேர்ந்து’ என்று ஒன்று. ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்று மற்றது.

“ஒருத்தர் கையெழுத்துப் போதுமா, ரெண்டு பேரும் போடணுமா?” என்று டீச்சர் கேட்டார்.

“ரெண்டு பேரும்” என்றாள் என் மனைவி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

படியிறங்கும்போது அவளே பேச்செடுத்தாள். “கோவமா? நான்தான் அவசரக்குடுக்கை. நீ கூட நின்னாத்தான் என் கை நிக்கும்.” எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்கிறாள் என எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருட ஆய்வுக்குப் போனபோது டீச்சர் பிரிண்டரில் சிக்கிய தாளை எடுக்க எழுந்தார். மேசையில் எங்கள் கோப்பு திறந்து கிடந்தது. தலைகீழாகவே படித்துவிட்டேன். ‘மனைவி: கேள்வி கேட்பார். கணவர்: கேட்பார், கேட்டுக்கொள்ளமாட்டார்.’ அழகான கையெழுத்து. எழுத்துப் பிழை கிடையாது. இதை எழுதுவதற்கு வருடம் இவ்வளவு என்று நாங்கள் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

முகவர் ஒருவனையும் எனக்குத் தெரியும். கல்லூரியில் என்னோடு படித்தவன். எதற்கெடுத்தாலும் ‘ஒரு நிமிஷம்தான்டா’ என்பான் என்பதால் அவனுக்கு ‘நிமிஷம்’ என்றே பெயர். ஏழு வருடத் திட்டம் ஒன்றை ஒரு வருடமாக என் தலையில் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பணம் இருக்கு. ஆனா என் வீட்டுக்காரியும் கையெழுத்துப் போடணும்” என்று ஒருநாள் ஓட்டலில் அவனிடம் சொன்னேன்.

“டேய், நீ என்ன மைனரா? உன் பணத்துக்கு உனக்கே கேட் பாஸா?”

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவன் குனிந்து, தன் கமிஷனில் பாதியை என்னிடமே கொடுத்துவிடுவதாகச் சொன்னான். விதிப்படி கூடாது. அதை அவனும் சொன்னான், நேர்மையாக.

என் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது. முப்பது வயதில்தான் தெரிந்தது. நுரையீரலில் நீர் சேர்ந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கு நாளில் நீர் வடியும், வீட்டுக்குப் போகலாம், அறுவை சிகிச்சையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அலுவலகக் காப்பீடு பாதி கொடுக்கும். மீதிக்குத் தொடாத பணம்.

அவள் சேர்ந்த இரண்டாம் நாள், பதினொன்று பத்துக்கு டீச்சர் அவளைப் பார்க்க வந்தார். வருட ஆய்வின் தாள்களை ஓர் உறையில் கொண்டுவந்திருந்தார். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இந்தப் பணத்துக்குத்தான்மா இவ்வளவு நாள் காவல் இருந்தோம், நிம்மதியா இரு’ என்றார். அரைமணி நேரத்தில் போய்விட்டார். மேசைமேல் அவருடைய உறை இருந்தது. என் பையில் வங்கியின் படிவம் இருந்தது: ‘இருவரும் சேர்ந்து’ என்பதை ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்று மாற்றக் கோரும் படிவம். நான் படிவத்தை எடுத்து டீச்சரின் தாள்களோடு சேர்த்து அவளிடம் நீட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மதியமே வங்கிக்குப் போனேன். நான்கு மணிக்குள் தொடாத பணம் நிமிஷத்தின் திட்டத்துக்குப் போய்விட்டது. அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதம் இருக்கிறது, அலுவலகத்தில் கடன் கேட்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதுவரைக்கும் நடந்தது வெறும் முட்டாள்தனம். அதற்கு உலகத்தில் எந்தத் தண்டனையும் கிடையாது. இருந்தால் உங்கள் கையேட்டின் வாசகர்கள் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும்.

அன்று மாலை அவளுக்கு மூச்சுத் திணறல் வந்தது. தொண்டையில் குழாய் போட்டார்கள். அதன்பிறகு அவள் பேசவில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் என்னை வராந்தாவின் கடைசிக்குக் கூட்டிப் போனார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் குழாயோடேயே அறுவை சிகிச்சை செய்துவிடுவார்கள், ஆனால் முன்பணம் கட்டினால்தான் படுக்கை ஒதுக்குவார்கள் என்றார்.

“எவ்வளவு சீக்கிரம் கட்டணும் டாக்டர்?”

“நேத்தே கட்டியிருக்கணும்.”

திட்டப் பத்திரம் என் பையில் இருந்தது. பதினோராம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பத்தி. பத்திரம் கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள் வாடிக்கையாளர் மனம் மாறினால் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம்; முழுப் பணமும் இரண்டு வேலை நாளில் வந்த கணக்குக்கே திரும்பும். அதை அங்கேயே நின்று இரண்டு முறை படித்தேன். நான் படிக்காதவன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்த்துவிடுவோம். பணம் அதே கணக்குக்கு வந்திருக்கும். கணக்கு அறிக்கையில் ஒரு பற்று, நான்கு நாள் தள்ளி ஒரு வரவு. அடுத்த ஆய்வில் டீச்சர் அதைப் பார்ப்பார். சிவப்பு மையால் வட்டம் போடுவார். என் மனைவி பிழைத்து எழுந்து, அந்த மாடி அறையில் அந்த வட்டத்தைப் பார்ப்பாள். படியிறங்கும்போது அவள் எனக்கு ஆறுதல் சொல்வாள்.

அன்று எழுதிக் கொடுக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். டாக்டரிடம், பணம் வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

நான்காம் நாள் சாயங்காலம் டீச்சர் போனில் கூப்பிட்டார். “தம்பி, தொடாத பணத்தை எடுத்துக் கட்டிட்டீங்களா? இப்ப அவ கையெழுத்துப் போட முடியாதே. வங்கியில நான் வந்து பேசட்டுமா?”

“கட்டிட்டேன் டீச்சர்” என்றேன். முதல் தடவையாக அவரை அப்படிக் கூப்பிட்டேன். அவர் அழுதார் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் நிமிஷம் தன் கமிஷனில் பாதியை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தான். பார்வையாளர் நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடிகாரக் கடை. சாவி கொடுக்கும் வகையைத்தான் கேட்டு வாங்கினேன். பேட்டரிக் கடிகாரத்துக்கு நம் தேவை கிடையாது. இது நாம் தொடாவிட்டால் நின்றுவிடும்.

என் மனைவியின் அண்ணன் வெளியூரிலிருந்து வந்திருந்தார். லாரி ஷெட் வைத்திருப்பவர். வராந்தாவில் என் தோளில் கை போட்டு, “மாப்பிள்ளை, கூச்சப்படாதீங்க. எவ்வளவுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெண்டு வண்டியை வித்தாப் போச்சு” என்றார். எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது, படுக்கை காலியாவதற்குத்தான் காத்திருக்கிறோம் என்றேன். “உங்களைப் பிடிச்சது என் தங்கச்சி பண்ணின புண்ணியம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு இந்த வழக்கு புரியாது. நிமிஷம் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டான். கையில் கடிதம் தயாராக இருந்தது.

“ஏன்டா என்கிட்ட சொல்லலை? உன் வீட்டுக்காரிக்கு இப்படின்னு நேத்துதான் தெரிஞ்சுது. கையெழுத்துப் போடு, கேன்சல் பண்ணிடலாம். நாளையோட டைம் முடியுது. ஒரு நிமிஷம்தான்டா.”

“உன் கமிஷன் போயிடுமே.”

“மண்ணாங்கட்டி கமிஷன். போடுடா.”

“அது வேற பணம்டா. ஆஸ்பத்திரிக்குத் தனியா இருக்கு” என்றேன்.

அவன் கடிதத்தை மடித்தான். பிறகு, சரி, எதற்கும் இருக்கட்டும் என்று அதை என் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனான். கமிஷன்காரன். உங்கள் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இந்த வகையிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்.

பதினாறாம் நாள் முழுக்க அந்தக் கடிதம் என் பையில் இருந்தது. அலுவலகம் போனேன். ஒரு தானியக் கிடங்கில் மூன்று பெரிய தராசுகளைச் சரிபார்த்தேன். இரண்டு தேறின. ஐந்தரை மணிக்கு நிமிஷத்தின் கம்பெனியை மூடுவார்கள். ஐந்தரைக்கு நான் பஸ்ஸில் இருந்தேன், மணியைப் பார்த்துக்கொண்டேன்.

பதினேழாம் நாள் காலையில் எழுந்தபோது மனம் லேசாக இருந்தது. இனிமேல் முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. பத்தொன்பதாம் நாள் அவள் இறந்தாள்.

என்னால் காப்பாற்ற முடிந்தது. பதினைந்து நாளும் முடிந்தது. ஒரு வரி எழுத வேண்டியிருந்தது, எழுதவில்லை. இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு, பணம் எங்கே என்று அவள் அண்ணன் ஒருநாள் கேட்பார் என்று தோன்றியது. கேட்பதற்கு முன்னால் பதில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் பார்வையாளர் பதிவேட்டில் பதினொன்று பத்து என்று டீச்சரின் கையெழுத்து இருந்தது. வங்கிப் படிவத்திலும் அதே தேதி. இரண்டையும் நகலெடுத்து உங்களிடம் கொண்டுவந்தேன். அந்தத் திட்டத்தை டீச்சர்தான் சொன்னார், கையெழுத்தையும் அவரே வந்து வாங்கினார் என்றேன். பணம் கட்டியாயிற்றா என்று போனில் கேட்டதை டீச்சர் சொன்னபோது, ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டார் என்றேன். கட்டணம் வாங்கும் ஆலோசகருக்கு இதில் என்ன லாபம் என்று உங்களில் ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. லாபம் வாங்கியவனைக் கூப்பிட்டிருக்கலாம். முகவர்கள் வேறு வாரியத்தின் கீழ் வருகிறார்கள் என்று உங்கள் செயலாளர் சொன்னார். ஐந்து பேரும் தலையாட்டினீர்கள். கடைசியில் நான், “டீச்சர் சொன்னாங்கன்னுதான் கையெழுத்துப் போட்டேன்னு சொன்னா. அதுதான் அவ கடைசியாப் பேசினது” என்றேன். மூன்று பேர் குனிந்துகொண்டீர்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். அதற்கு மேல் யாரும் எதையும் எடை போடவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கோப்பில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறாரோ என்று நினைத்தேன்.

இதையெல்லாம் நான் இப்போது எழுதுவதற்கு மனசாட்சி காரணம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். போன வாரம் தபாலில் ஒரு காசோலை வந்தது. டீச்சர் தன் முப்பத்தொரு வாடிக்கையாளர்களுக்கும் அந்த வருடத்தில் மிச்சமிருந்த மாதங்களின் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். முடிந்தபோது முடிந்தவர்களுக்கு. புகார் கொடுத்தவனின் முறையும் தப்பவில்லை. எங்கள் இருவரின் பெயருக்கும் சேர்த்து எழுதியிருந்தார். செத்தவளின் பெயரில் காசோலை எழுதுகிறவர் என்ன வல்லுநர் என்று எரிச்சலோடு வங்கிக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் திருப்பிப் பார்த்தாள். “ரெண்டு பேர் பேரும் இருக்கே சார். மேடம் வரலையா?”

“இல்லை. இறந்துட்டா.”

“ஐயோ, சாரி சார்.” கணினியில் எதையோ தட்டினாள். முகம் தெளிந்தது. “பரவாயில்லை சார். உங்க கணக்குல ‘எஞ்சியவர்’னு மாத்தி வெச்சிருக்கீங்க. நீங்க மட்டும் போட்டாப் போதும். நிறையப் பேர் இது தெரியாம அலையுறாங்க. நல்ல வேளை, அந்த நேரத்துலயும் யோசிச்சு மாத்தியிருக்கீங்க. யார் சொல்லிக் குடுத்தாங்க, டீச்சரா?”

அவர் பெயர் காசோலையில் இருந்தது. பள்ளியில் இவளுக்கும் அவர்தான் கணக்கு நடத்தினாராம்.

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். காசோலையை இத்துடன் இணைத்திருக்கிறேன். டீச்சரின் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னை என்ன செய்ய வேண்டுமோ, அதற்கு ஏதாவது ஒரு வாரியம் இருக்கும். நிமிஷம் தன் உறையைப் பற்றி ஒப்புக்கொள்வான். அவனுக்குப் பொய் சொல்ல வராது, விற்க மட்டும்தான் வரும். கையேட்டை மறுபடி அச்சடிப்பதாக இருந்தால் ஒரு திருத்தம் சொல்கிறேன். எந்த வகை வல்லுநர் என்பதில் ஒன்றும் இல்லை. என் மனைவி என்னை நம்பாமல் வேறு ஒருவரை நம்பினாள். எல்லாமே அங்கிருந்துதான் ஆரம்பித்தது. அதை மட்டும் நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை.

இன்னொரு திருத்தம், பதிவுக்காக. அவள் கடைசியாகச் சொன்னது என்று நான் அன்று உங்களிடம் சொன்ன வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. படிவத்தை நீட்டியபோது அவள் கண்ணாடியைத் தேடினாள். “டீச்சர் குடுத்த தாள்தான், அவங்க எல்லாம் பாத்துட்டாங்க” என்றேன். அவள் தேடுவதை நிறுத்திவிட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

“டீச்சர் பாத்தது கெடக்கட்டும். நீ பாத்துட்டல்ல? அப்புறம் என்ன. எங்க போடணும்?”